முனிராஜ் காட்டாமல் விட்ட இடம்

செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அதற்கு முனிராஜே காரணம்.

கல்லூரியில் தேர்வு மேற்பார்வை முடித்து, ஆசிரியர் அறைக்கு வந்து கைப்பேசியைத் திறந்தேன். பழைய நண்பர்கள் குழுவில் அவருடைய படம் வந்திருந்தது. படத்துக்கு மாலை, நெற்றியில் குங்குமப் பொட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு. அதே படத்தை அதே மாலையோடு நான் முன்பே பார்த்திருக்கிறேன். அவர் எடுத்த ஒரு குறும்படத்தில், இறந்துபோன அப்பாவின் படம் என்று சுவரில் மாட்ட ஒருவர் முகம் தேவைப்பட்டது. யாரும் சம்மதிக்கவில்லை. முனிராஜ் தன் படத்துக்கே மாலை போட்டு மாட்டிவிட்டார். "வேற யாரு படத்தை மாட்டினாலும் அவங்க வூட்ல சண்டைக்கு வருவாங்க. எங்க வூட்ல மட்டுந்தான் கண்டுக்க மாட்டாங்க" என்று சொன்னார். ஆகவே, மறுபடி ஏதோ படமெடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன். பாதி குடித்திருப்பேன், அவருடைய மனைவி கவிதா அழைத்தார்.

"அக்கா, அவரு போயிட்டாருங்கக்கா. காலையில நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

மீதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

முனிராஜைத் தருமபுரியில் பலருக்குக் கல்யாண வீடியோ எடுப்பவராகத் தெரியும். எனக்கு அவர் பல்கலைக்கழகக் காலத்து நண்பர். சேலத்தில் ஒரே ஆண்டில் படித்தோம். அவர் புள்ளியியல், நான் வரலாறு. படிப்புக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை என்று அவரே சொல்வார். நான் ஆசிரியரானதிலிருந்து என்னை 'புரொபசர்' என்றுதான் கூப்பிட்டார். அதில் மரியாதை கொஞ்சம், கிண்டல் நிறைய. அடக்கமான மனிதர் என்று அவரைப் பற்றி யாராவது பேசினால் நம்பாதீர்கள். தான் எடுத்த படத்தைத் தானே முதலில் பாராட்டிவிடுவார். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் பேச முடியும். அவர் எடுத்தவற்றில் நான் மறுபேச்சின்றிப் பாராட்டியது ஒன்றைத்தான். அது 'நேர் ரோடு' என்ற தொலைக்காட்சிப் படம். இதைப் படிப்பவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் அதில் தலைகாட்டியும் இருப்பீர்கள்.

படம் பிறந்தது ஒரு தேநீர்க் கடையில். நான் அப்போது படைவீரர் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்காக இண்டூர்ப் பக்கம் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே மாதம்மாள் என்று ஒரு தாய். மகன் குமரேசன் ராணுவத்தில் சேர்ந்து, ஜம்முவுக்கு அப்பால் எல்லையோர மலையில் பணியிலிருந்தபோது இறந்துபோனான். உடல் ஊருக்கு வந்தது. மரியாதை எல்லாம் நடந்தது. மாதம்மாள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பொட்டியில வந்தவனைப் பாத்தேங்கம்மா. அவன் கடைசியா நின்ன எடம் எப்படி இருக்கும்னுதான் தெரியல." இதை முனிராஜிடம் சொன்னேன். அவர் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "அந்தக் குடும்பம் வண்டியெடுத்துக்கிட்டு அங்க போனா எப்படி இருக்கும்?" என்றார்.

அதுவே கதையாயிற்று. தக்காளி வண்டி ஓட்டும் அப்பா, அம்மா, மகள், மருமகன். நான்கு பேரும் பாலக்கோட்டிலிருந்து காஷ்மீர்ப் பக்கம் வரை அதே வண்டியில் போகிறார்கள். மகன் இறந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வசனத்தை நான் எழுதினேன். அதை எழுத்து என்று சொல்ல மாட்டேன், மாதம்மாள் போன்றவர்கள் பேசியதைக் கேட்டு வரிசைப்படுத்தினேன், அவ்வளவுதான். ஒரு தமிழ்ச் சேனல் எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் அவர்கள் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஒரு குழுவோடு ஆந்திர எல்லையைத் தாண்டினாலே பெரிது. படம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன்.

முனிராஜ் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏன் புரொபசர், காஷ்மீருக்கு எந்த ரோடு போவுது?"

"நாற்பத்து நாலு. தேசிய நெடுஞ்சாலை."

"அது எங்க இருக்குது?"

நான் பைபாஸ் பக்கம் கை காட்டினேன்.

"இங்கயே இருக்கறப்ப எதுக்குங்க அவ்ளோ தூரம் போவணும்?"

இப்படியாக, இந்தியா முழுவதையும் தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே எடுத்து முடிப்பது என்று முடிவாயிற்று. தொப்பூர்க் கணவாய் விந்திய மலையாயிற்று. பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புக் காடுகள் பஞ்சாப். தீர்த்தமலை அடிவாரப் பாறைகள் மத்தியப் பிரதேசம். தக்காளிச் சந்தை நாக்பூர். கடைப்பலகைகளுக்கு இந்தியிலும் தெலுங்கிலும் ஃபிளெக்ஸ் அடித்துவைத்துக்கொண்டு, பலகை கட்டிய இடத்தில் அந்த மாநிலம் தொடங்குவதாக வைத்துக்கொண்டார். வரலாறு படித்த எனக்கு இது உறுத்தியது. இது பொய்யில்லையா என்று கேட்டேன்.

"பொய்தான். யாரையும் கெடுக்காத பொய். எல்லா ஊர்லயும் புளியமரமும் டீக்கடையும்தான் இருக்குது. நீங்க போயி பாத்தீங்களா, நான் போயி பாத்தேனா?"

தக்காளிச் சந்தையில் எடுத்த நாளில் நான் உடனிருந்தேன். பெட்டிகளில் எல்லாம் மண்டிக்காரர்களின் பெயர் தமிழில் எழுதியிருக்கும். நாக்பூரில் தமிழ்ப் பெயர் எப்படி என்று, எழுத்து தெரியாதபடி பெட்டிகளைத் திருப்பி அடுக்கச் சொன்னார் முனிராஜ். ஒரு மண்டிக்காரர் கோபமாக வந்து நின்றார்.

"ஏங்க, எங்க பேரை எதுக்கு ஒளிக்கறீங்க? திருட்டுச் சரக்கா இது?"

"இல்லீங்கண்ணா, இது நாக்பூருங்க."

"நாக்பூருன்னா என்னாங்க? எங்க பொட்டி அதுக்கு அந்தாண்டயே போவுது. பேரு தெரியட்டும், வுடுங்க."

முனிராஜ் சரியென்று கை காட்டினார். பெட்டிகளை மறுபடி நேராகத் திருப்பி அடுக்கினார்கள். அந்த மண்டிக்காரர் பெயர் படத்தில் நன்றாகத் தெரியும். அந்தக் காட்சியில் அப்பாவாக நடித்தவர் அந்தப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பிறகு ஊர்க்காரர் பெயரைப் பார்க்கும் ஒருவனின் முகம் அது. நான் எழுதாத காட்சி. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று.

தீர்த்தமலையில் நடந்தது இதைவிட வேடிக்கை. பாறையடியில் வண்டியை நிறுத்தி, நான்கு பேரும் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமரா தூரத்தில், புதர் மறைவில் இருந்தது. மலையிறங்கி வந்த பக்தர் கூட்டம் ஒன்று அவர்களும் சாமி கும்பிட வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டது. அதிலிருந்த ஓர் அம்மாள் நேராக வண்டியிடம் வந்தார். அம்மாவாக நடித்தவர் மல்லிகா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன் நடித்ததே இல்லை.

"எந்த ஊருக்குங்க போறீங்க?"

'கட்' என்ற சத்தம் வராததால் மல்லிகா பாத்திரமாகவே இருந்தார். "காஷ்மீருக்குங்க. பையனைப் பாக்க."

"அவ்ளோ தூரமா? வெறும் வயித்தோடவா உக்காந்திருக்கறீங்க? இந்தாங்க."

புளிச்சோற்றுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து மடியில் வைத்தார். நால்வரும் உண்மையாகவே பசியோடு சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, "பையனுக்கு ஒரு கட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று இன்னொரு பொட்டலத்தையும் கொடுத்தார். மல்லிகா அதை வாங்கிக்கொண்டு அழுதது நடிப்பில்லை. மத்தியப் பிரதேசத்தில் தமிழ் பேசும் அம்மாள் எங்கிருந்து வந்தார் என்று நான் பிறகு கேட்டேன். "நம்ம ஆளுங்க போர்வெல் வண்டியோட போகாத ஊரு இந்தியாவுல எது, சொல்லுங்க?" என்றார் முனிராஜ். படம் முடிந்ததும் அந்த அம்மாளைத் தேடிப் பிடித்து, அரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொல்லிச் சம்மதம் வாங்கி வந்தார். "ஆமா, அப்ப அந்தம்மாவுக்குப் பையன் இல்லியா?" என்று அவர் ஏமாற்றத்தோடு கேட்டாராம்.

கடைசிக் காட்சி மட்டும் பாக்கியிருந்தது. குடும்பம் மகன் இறந்த இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும். சேனல் அதிகாரி தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "காஷ்மீர்னா ஜனங்களுக்குப் பனி சார். பனி இல்லாம கிளைமாக்ஸ் இல்ல." பெங்களூரில் செயற்கைப் பனி கொட்டும் ஓர் அறை இருந்தது, காசு கொடுத்துவிட்டுக் குழந்தைகள் விளையாடும் இடம். முனிராஜ் போய்ப் பார்த்து, நாள் குறித்துவிட்டும் வந்தார். அவருக்கு அதில் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை.

பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முன், மாதம்மாளைப் போய்ப் பார்க்கலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். படம் வரப்போகிறது என்று முறையாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். மாதம்மாள் நிலக்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கையிலிருந்த கடலையை உதறினார்.

"அந்த எடத்தையும் காட்டுவீங்களா சாமி?"

"கடைசியில வருதுங்கம்மா" என்றார் முனிராஜ்.

"அப்படின்னா பாத்துடலாம். இத்தனை நாளும் எதையெதையோ நெனச்சிக்கிட்டு இருக்கறேன். டிவியில பாத்தா தெரிஞ்சிடும்."

அதற்குப் பிறகு முனிராஜ் அங்கே ஒன்றும் பேசவில்லை. வண்டியில் திரும்பும்போதும் பேசவில்லை. அவர் பேசாமல் வந்த பயணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வீட்டருகே என்னை இறக்கிவிடும்போது, "பெங்களூர் வேணாம் புரொபசர்" என்றார்.

நான் வாதாடினேன். படம் முழுவதையும் பொய்யாக எடுத்துவிட்டுக் கடைசியில் இது என்ன புதுக் கட்டுப்பாடு என்று கேட்டேன். பனி இல்லையென்றால் சேனல் படத்தையே தூக்கி வைத்துவிடும் என்றேன்.

"பாக்கறவங்க எல்லாருக்கும் அது சினிமா. தொப்பூரை விந்தியமலைன்னா சிரிச்சிட்டுப் போவாங்க. அந்தம்மா மட்டும் நம்பிடும். நான் ஐஸ் ரூம்ல எடுத்ததை, தன் பையன் செத்த எடம்னு சாவற வரைக்கும் மனசுல வெச்சிக்கும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவர் கடைசிக் காட்சியை எடுத்த விதம் இப்படி. மலைச்சாலையில் வண்டி நிற்கிறது. அப்பா எஞ்சினை அணைக்கிறார். அம்மா கதவைத் திறந்து இறங்குகிறார். கேமரா இறங்குவதில்லை. அம்மா எழுந்துபோன இருக்கையிலிருந்தபடி, வண்டிக்குள் இருக்கும் மற்ற மூவரின் முகங்களைப் பார்க்கிறது. அவர்கள் வெளியே எதையோ பார்க்கிறார்கள். சரளைக் கல்லில் அம்மா நடந்துபோகும் சத்தம் கேட்கிறது. நிற்கிறது. படம் முடிகிறது. வெளியே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

சேனலில் ஏற்றுக்கொள்ளவில்லை. போய்ச்சேர்ந்த இடத்தைக் காட்டாத பயணப் படமா என்று கேட்டார்கள். வேறு யாரையாவது வைத்து நாங்களே பனிக் காட்சி எடுத்து ஒட்டிக்கொள்கிறோம் என்றார்கள். முனிராஜ் அந்த அதிகாரியிடம் பேசியபோது நான் அவர் ஸ்டுடியோவில் இருந்தேன்.

"ஒட்டிக்குங்க சார். என் பேரை எடுத்துடுங்க. இண்டூர்ல ஒரு அம்மா இருக்கறாங்க. அவங்ககிட்ட நானே நேர்ல போயி, அந்தப் பனி பொய்யின்னு சொல்லிட்டு வந்துடறேன். அது மட்டும் எனக்குப் போதும்."

மறுமுனையிலிருந்து, "யாரு சார் அந்தம்மா?" என்ற கேள்வி எனக்கே கேட்டது. முனிராஜ் சொன்னார். அழுத்தமில்லாமல், குரலை உயர்த்தாமல், வழக்கமான மிகைப்படுத்தல் எதுவும் இல்லாமல் சொன்னார். சில நாட்கள் கழித்து ஒளிபரப்பு நாள் வந்தது. காட்சியில் கைவைக்கவில்லை. ஏன் என்று அவர்கள் சொல்லவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் அது ஒளிபரப்பானது. நாங்கள் மாதம்மாள் வீட்டில்தான் பார்த்தோம். தெருவே கூடியிருந்தது. விந்திய மலை வந்ததும், "அட, இது தொப்பூரு. போன மாசம் நம்ம லாரி நின்ன திருப்பம்" என்று ஒருவர் சொல்ல, அவர் மனைவி, "இருக்கட்டும், நீ வாயை மூடு, வண்டி விந்தியமலையில போவுது" என்றார். கரும்புக் காட்டைப் பார்த்துவிட்டு, "பஞ்சாப்ல நம்ம மில்லு சங்கு ஊதுதுடா" என்று ஒரு குரல். முனிராஜ் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். தன் மாவட்டத்தில் இந்தியா முழுவதும் இருக்கிறது என்று நிரூபித்துவிட்ட பெருமை அவர் முகத்தில் இருந்தது. உண்மையில் எனக்கும் இருந்தது.

முடிவு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "எடத்தைக் காட்டவே இல்லியே" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எல்லாரும் மாதம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனத்தை முனிராஜால் தாங்க முடியவில்லை. படத்துக்குப் பாராட்டு நிறைய வந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் படைவீரர் குடும்பங்கள் கூப்பிட்டுப் பேசின. ஊரில் அவர் நடக்கும் நடையே மாறிப்போனது. அதைச் சொல்லாமல் விட்டால் அவரே வந்து கோபித்துக்கொள்வார். ஆனால் என்னைத் தனியாகப் பார்க்கும்போதெல்லாம், பேச்சின் நடுவே, "அந்தம்மா ஒண்ணுமே சொல்லலியே புரொபசர்" என்பார். "ஆசையா கேட்டுச்சு. நான் கையை விரிச்சிட்டேன். தப்புப் பண்ணிட்டேனோ?" தன்னைப் பற்றி அவர் சந்தேகப்பட்டு நான் பார்த்த ஒரே விஷயம் அதுதான். சரியாகத்தான் செய்தீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நான் சொல்லி என்ன? அதைச் சொல்ல வேண்டியவர் நானில்லை.

இறுதிச் சடங்கு நடந்த நாளில், பென்னாகரம் சாலையிலிருக்கும் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. கல்யாணம் எடுத்துக்கொடுத்த குடும்பங்கள், மண்டிக்காரர்கள், மல்லிகா, எல்லாரும் வந்திருந்தார்கள். இண்டூரிலிருந்து பேருந்தில் மாதம்மாள் வந்தார். முனிராஜின் கால்மாட்டில் கொஞ்சநேரம் நின்றார். கவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பந்தலோரம் நின்றிருந்த என்னைப் பார்த்து வந்தார்.

"போயிட்டு வந்தேங்கம்மா" என்றார்.

எங்கே என்று கேட்டேன்.

"அந்த எடத்துக்குத்தான். ரெஜிமெண்ட்டுக்காரங்க கூப்பிட்டிருந்தாங்க. நானும் பொண்ணும் போனோம். ஆவணி மாசம்."

"எப்படிங்கம்மா இருந்துச்சு?"

"பனியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. மலைச் சரிவு. மக்காச்சோளம் வெச்சிருக்கறாங்க, நம்ம பக்கமாட்டமே. கதிரு புடிச்சி நின்னுச்சு. கீழ ஒரு பொம்பள மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்துட்டு அருவாளைப் போட்டுட்டு வந்து பக்கத்துல நின்னா. அவ பாஷை எனக்குத் தெரியல, என் பாஷை அவளுக்குத் தெரியல. ரெண்டு பேரும் சும்மா நின்னுக்கிட்டு இருந்தோம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு டிவியில இவரு எதையாவது காட்டியிருந்தாருன்னா, அங்க போயி நான் அதைத்தான் தேடியிருப்பேன். இந்தச் சோளக்காட்டைப் பாத்துட்டு, எடம் இதில்லன்னு திரும்பியிருப்பேன். இவரு ஒண்ணையும் காட்டல. அதனால இருந்ததை இருந்தபடி பாத்துட்டு வந்தேன். வந்து சொல்லிடணும்னுதான் இருந்தேங்க. சோளம் ஒடிக்கற வேலை வந்துடுச்சு. முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

முனிராஜை அறிந்த உங்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் காத்திருந்த பதில் வந்துவிட்டது. அவர் செய்தது சரி. அவர் காதில் விழாத அந்தச் சொற்களை ஒன்றும் மாற்றாமல் நான் வைத்திருக்கிறேன். அவரைப் பற்றிப் பேச்சு வரும் இடங்களிலெல்லாம் சொல்லப்போகிறேன்: ஜம்முவுக்கு அப்பால் ஒரு மலைச் சரிவில் மக்காச்சோளம் கதிர் பிடித்து நிற்கிறது, இண்டூரிலிருந்து போன ஒரு தாய் அதைத் தன் கண்ணால் பார்த்தாள் என்று.